பொதியின் மேல் ஊர்ப்பெயர்

மாதா துணை
1937 ஆவணி

அன்புள்ள அப்புவுக்கு,

உங்கள் கையை முத்திசெய்து திரேசம்மா எழுதுவது. நான் சுகம். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? விடுதியில் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். அதனால் எல்லோரும் உறங்கிய பின் ஒளித்து எழுதுகிறேன்.

எங்கள் சவிரி அண்ணை கொழும்பில் குத்துச்சண்டையில் வென்ற செய்தி பத்திரிகையில் வந்தது. "குருநகர்ப் பொடியள் மட்டும் ஏன் இப்பிடி வெல்லுகினம்?" என்று ரீச்சர் வகுப்பில் கேட்டார்.

"மீன் சந்தையிலை அடிபட்டுப் பழகினவையெல்லே!" என்றாள் பாலேஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பு, நானும் சிரித்தேன்.

எனக்கு விடை தெரியும். விடியமுன் கரைவலை இழுத்துத்தான் அண்ணையின் தோள் அப்படி உரமானது. ஒருவன் வென்று வந்தால், மறுநாளே ஒழுங்கையிலுள்ள பொடியன்களெல்லாம் கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு கோயில் வளவிலுள்ள மணல்மூட்டையைக் குத்தப் போவார்கள். இதைச் சொன்னால் நான் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். இங்கே என் ஊர் குருநகர் இல்லை, அரியாலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கருவாடு பழுதாகிவிடுகிறது, அனுப்ப வேண்டாம் என்று போன மாதம் எழுதியது பொய். வெட்கத்தில் எழுதினேன். அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பொதி அனுப்புங்கள். அதன் மேல் குருநகர் என்று பெரிதாக எழுதுங்கள். எல்லோர் முன்னும் வைத்துப் பிரிப்பேன்.

விடுதி மேற்றனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் சிரித்ததை மட்டும் அண்ணைக்குச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்
திரேசம்மா