கொழும்புப் படத்துக்குக் கொழும்பு வயர்

நேற்று குன்னூரில் டிவிக்கு வயர் வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளை முன்னால் வைத்தார். "ஏனுங்க, இது சாதா வயருங்க. இதுல முனையெல்லாம் தங்கப் பூச்சு. படம் கண்ணாடியாட்டம் வருமுங்க." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, உன் மேல். செத்து இத்தனை வருடமாகியும், வயர் பேச்சு என்றால் நீதான் வந்து நிற்கிறாய்.

நாம் இருவரும் ஒரே கப்பலில் சிலோனிலிருந்து வந்த கூட்டாளிகள். தன் வீட்டுக்காரருக்கு இந்தியா வரக் காகிதம் கிடைக்காததால் உன் அக்கா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு அங்கே கலவரம். தேயிலைத் தோட்டத்தில் அவர் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளையே, கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வரி வரவில்லை. அதற்காகத்தானே மஞ்சூரில் அந்தப் பழைய டிவியை வாங்கினாய்? நம் தோட்டத்து மேட்டில் ஏரியலைத் தெற்கே திருப்பினால் கொழும்பு டிவி கொஞ்சம் எடுக்கும். செய்தியில் அகதி முகாம்களைக் காட்டுவார்கள், அதில் அக்கா முகம் தெரியும் என்று ஒரே பிடிவாதம்.

படமா அது? ரவையைக் கொட்டிக் கிளறியது போல இருக்கும். முதலில் பட்டை வயர் போட்டாய். ஆள் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று கோயமுத்தூரிலிருந்து உருண்டை வயர் வரவழைத்தாய். ஒரு நாள் இது, ஒரு நாள் அது, எதில் மூக்கு தெரிகிறது என்று ஆராய்ச்சி. பனியில் வழுக்கும் தகரக் கூரையில் ஏறி மாற்றி மாட்டுவது யார்? நான்தான்.

அதுவும் போதாமல், அங்கே லயத்தில் ரேடியோவுக்குக் கட்டியிருந்த பழைய வயரை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாய். "அந்த நாட்டுப் படத்துக்கு அந்த நாட்டு வயருதாண்டா சரி." நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அட கிறுக்கா, படம் என்ன பாஸ்போர்ட் பாத்தா உள்ள வருது?" என்று கத்தினேன். கத்திவிட்டு ஏறி மாட்டவும் செய்தேன், என்னைச் சொல்ல வேண்டும்!

அன்று மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. நான் கூரையில் நிற்கிறேன். கீழே நீ அலறினாய்: "அக்காடா! டேய், அக்கா! முன்னுக்கு நிக்குது!" நான் விழுந்தடித்து இறங்கி வருவதற்குள் மறுபடி ரவைதான்.

"அட்டன் பக்கத்து ஸ்கூலு முகாமுன்னு சொன்னாங்கடா. ஸ்கூலு பேரு கேட்டு வச்சிருக்கேன். இப்பவே ஒரு கடுதாசி எழுது" என்று என் கையைப் பிடித்தாய். உனக்கு எழுதத் தெரியாது, உன் கடிதமெல்லாம் நான் எழுதுவதுதான். ஆனால் எனக்கு முழங்கால் சிராய்த்து எரிந்துகொண்டிருந்தது. "அந்தப் புள்ளியில உன் பொண்டாட்டியையே உனக்கு அடையாளம் தெரியாது. வயரு பைத்தியம் முத்திப்போச்சு, போய் வேலையப் பாரு" என்றேன்.

நீ கையை எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. வேறு யாரிடமாவது போய் எழுதச் சொல்லியிருக்கலாமே, பாவி! தோட்டத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தானா? நான் சொன்னதை நம்பிவிட்டாயா, இல்லை ரோஷமா? அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மூன்று வருடத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாய். மறு வருடம் உன் மனைவி ஒரு கடிதத்தோடு வந்து, படித்துக் காட்டச் சொன்னார். யாரிடமோ முகவரி வாங்கி உன் அக்கா எழுதியிருந்தார். "முகாமுக்கு டிவிக்காரங்க வந்தாங்க தம்பி. இந்தியாவுல நீ பாப்பேன்னு எல்லாரையும் தள்ளிக்கிட்டு முன்னுக்குப் போய் நின்னேன். பாத்தியா?"

அன்றே பதில் எழுதினேன். நீ போய்விட்டாய் என்று எழுதுவதற்கு முன்னால், முதல் வரியாக இதை எழுதினேன்: "பார்த்தான் அக்கா. நம்பாதவன் நான்தான்." அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேனடா.