ஒன்பதாம் இலக்கத் தகடு

மச்சான்,

இன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது வீட்டுக்குள் டீசல் மணம் வந்தது. இந்த ஒழுங்கையிலேயே எஞ்சின் கிடையாது. குசினிவரை போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை. உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

தேநீர்க்கடையில் நாம் வாதாடியது நினைவிருக்கிறதா? 'லொஸ்ட்', 'மிஸ்ஸிங்' இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தாய், கடலில் லோஞ்சு ஓட்டுகிற நீ. வெள்ளைக்காரத் துரைமாருக்கே இங்கிலீஷ் திருத்திக் கொடுத்த நான் விடுவேனா?

"லொஸ்ட் எண்டால் முடிஞ்ச கதை. மிஸ்ஸிங்கிலை 'இங்' கிடக்குது பார், அலுவல் இன்னும் நடக்குது. ஆரோ தேடிக்கொண்டிருக்கினம்."

"அப்ப, லோஞ்சை மிஸ் பண்ணினன் எண்டால்?"

"லோஞ்சு துலையேல்லை. நீதான் பிந்திப்போனாய்."

"எட்டாம் வகுப்பிலை இவ்வளவும் படிப்பிச்சவையோ!" என்றாய். கடையே சிரித்தது.

அந்த மாரியில் ஒருநாள் மா மூட்டைகளோடு மூதூருக்குப் போனாய். கடலில் இறங்குகிறவன் தன் இலக்கத் தகட்டைத் துறைப் பலகையில் மாட்டவேண்டும். திரும்பினால் தானே கழற்றவேண்டும். பொழுதுபடும்போது தகடு தொங்கினால் தேட ஆள் போகும். பலகைக்குக் காவல் நான். துறைமுகமே என் கையில் என்று சொல்லித் திரிந்த காலம்.

நாலு மணியிருக்கும். மழைப்புகார் மூட்டத்தில் துறையே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் உன் குரல்: "மச்சான், என்ரை தகட்டைக் கழட்டிவிடு, கை ஈரம்." திரும்பிப் பார்க்காமலே ஒன்பதாம் இலக்கத்தைக் கழற்றினேன். வேறொருவனுக்குச் செய்திருக்கமாட்டேன்.

விடிய உன் மனைவி வந்து, "அண்ணை, இவர் இன்னும் வரேல்லை" என்ற பிறகுதான் தேடப் போனார்கள். லோஞ்சு மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சான் கரையில் ஆளில்லாமல் ஒதுங்கிக் கிடந்தது. எஞ்சின் சூடாக இருந்ததென்று ஊரெல்லாம் சொன்னேன். அது என் கைச்சரக்கு. குரல் கைச்சரக்கு இல்லை.

விசாரணையில், தகட்டை நீயே கழற்றினாய் என்றேன். அறிக்கையில் 'மிஸ்ஸிங்' என்று எழுதுவித்ததும் நான்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள்.

போன கிழமை வந்தாள். "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, தகட்டைக் கழட்டினது இவர்தானோ?"

"நான்தான் தங்கச்சி" என்றேன். குரல் கேட்டதையும் சொன்னேன். மண்ணள்ளித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது:

"குரல் களைச்சிருந்ததோ?"

என் ஆயுளில் முதல் தடவையாக எதையும் கூட்டிச் சொல்ல வரவில்லை. "ஓம்" என்றேன்.

இப்போதெல்லாம் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் முகத்தைக் கண்டபிறகே பதில் சொல்கிறேன், மச்சான். சில பின்னேரங்களில் திரும்பிப் பார்த்தால் முகம் இருப்பதில்லை.