விளக்கில்லாத கருவி

ஐப்பசி, செவ்வாய்

தம்பி ஜெரோமின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. காற்று வலுக்கும் என்ற எச்சரிக்கையை மதியமே எங்கள் அலுவலகத்திலிருந்து எல்லா வள்ளங்களுக்கும் அனுப்பினோம். மற்ற வள்ளங்களில் இருந்த எச்சரிக்கைக் கருவிகள் பதில் தந்தன. அவனுடையது தரவில்லை.

அந்தக் கருவியின் வடிவமைப்பு என்னுடையது. சார்ஜ் மிச்சமாவதற்காக அது பெரும்பாலான நேரம் உறங்கும். டவர் கூப்பிடுகிறதா என்று கேட்க இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். உயிரோடிருப்பது தெரிய ஒரு சின்ன விளக்கு வைக்கலாம் என்றாள் சுகந்தி. வேலையில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு மேலே போனவள். அவள் சொன்னதாலேயே மறுத்தேன்.

சாயங்காலம் திரேஸ்புரம் கரையில் ஜெரோமின் மனைவி ஸ்டெல்லா நின்றாள். அவனும் நானும் பேசி மூன்று வருடமாகிறது. அவள் பேசினாள்.

"அந்த டப்பா செத்துட்டுன்னு தெனமும் அமத்தி அமத்திப் போட்டுப் பாக்காவ அத்தான். ஒரு லைட்டு கூட இல்ல. எந்த மடையன் செஞ்சானோ."

அந்த மடையன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அது டவரை முதலிலிருந்து தேடும். நாளெல்லாம் உறங்கி மிச்சம் பிடித்த சார்ஜெல்லாம் அதிலேயே போய்விடும்.

தேடப் போன இரண்டு வள்ளங்களிலிருந்தும் தகவல் இல்லை. கிடைத்ததும் கூப்பிடுவதாக ஸ்டெல்லா சொன்னாள். வீட்டில் கரண்ட் வேறு போய்விட்டது. ஃபோன் பக்கத்தில் கிடக்கிறது. திரை இருண்டதும் எடுத்துத் தொட்டுப் பார்க்கிறேன். தொட்டுத் தொட்டே சார்ஜ் பாதி போய்விட்டது. தெரிந்தும் கை மறுபடி ஃபோனுக்கே போகிறது.