வாடகைக்கு ஏற்ற இடம்

பாரிஸ்
04.02.2024

அன்பின் லோசனிக்கு,

இங்கே குளிர் இன்னும் எலும்பை விட்டுப் போகவில்லை. மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீரும் கோயில் அம்மாளின் காவலில் சுகமாக இருப்பீர் என்று நினைக்கிறேன்.

தொலைபேசியில் கதைத்தால் நீர் அழுகிறீர், நான் கோபப்படுகிறேன். ஆகவே இதைக் கடிதமாக எழுதுகிறேன். நீரும் எழுதியே பதில் போடும். யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு வாங்க யோசிக்கிறேன், வாடகைக்கு விடுவதற்கு. இத்தனை வருஷம் உணவகக் குசினியில் நின்று சமைத்துச் சேர்த்ததை வங்கியில் தூங்க விட்டு என்ன பயன்? தரகர்கள் எல்லா இடத்துக்கும் சத்தியம் பண்ணுகிறார்கள். எனக்கு உம்முடைய கண்ணில்தான் நம்பிக்கை. நயினாதீவிலிருந்து வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்துப் போய் வருவது அலைச்சல் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகவில்லை என்று நீர்தானே முறைப்பட்டீர்.

திருநெல்வேலி, குருநகர், நல்லூர், கோண்டாவில் என்று ஒவ்வொரு பகுதியாகப் பாரும். யார் குடியிருக்க வருவார்கள், வீடு பூட்டிக் கிடக்காமல் ஆள் மாறி ஆள் வருமா, பஸ், கடை, ஆசுபத்திரி கிட்டவா என்று விசாரித்து எழுதும். வீட்டை உம்முடைய பேரில்தான் வாங்குவேன்.

அன்புடன்,
ஜெகதீஸ்


நயினாதீவு
28.02.2024

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தந்த தபால்காரர், வெளிநாட்டுக் காகிதம் கண்டு கனகாலம் என்றார். எனக்கும் அப்படித்தான். பிரித்துப் படித்தால் தரகர் வேலை. சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் திருநெல்வேலி. பல்கலைக்கழகத்தைச் சுற்றிய ஒழுங்கைகளில் மதிலுக்கு மதில் அறை வாடகைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷப் பிள்ளைகள் போக மற்ற வருஷப் பிள்ளைகள் வருவதால் வீடு சும்மா கிடக்காது. ஆனால் நான் பார்த்த வீட்டில் விறாந்தையையும் பலகை அடித்து அறைகளாக்கி விட்டார்கள். ஒரு கதிரை போட்டுக் காற்று வாங்க இடமில்லை. குசினிக்கு யன்னலும் இல்லை.

குருநகரில் மாக்கிறேற்றின் வீட்டில் ஒரு பகல் நின்றேன். நெடுந்தீவுக்காரி, என்னோடு படிப்பித்தவர், இப்போது மகளோடு அங்கே வாடகைக்கு இருக்கிறார். நல்ல கடற்காற்று, மீன் வாசலுக்கே வருகிறது. ஆனால் அந்த வளவுக் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தேன், நம்முடையதைப் போலவே உவர். கடலைக் கடந்து போயும் உவர்த் தண்ணீரிலா தேத்தண்ணி போடுவது? மாக்கிறேற் விழுந்து விழுந்து சிரித்தார். "தீவாருக்கு வீடு காட்டினா, முதல் கிணத்தைத்தான் எட்டிப் பாப்பினம்," என்றார்.

நல்லூரைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே வீடு வாங்க நீங்கள் இன்னொரு பிறவி குசினியில் நிற்க வேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

என்றும் உங்கள்,
லோசனி


பாரிஸ்
18.03.2024

அன்பின் லோசனிக்கு,

உம்முடைய கடிதத்தை வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கனநாளாகிவிட்டது அப்படிச் சிரித்து.

ஆனால் நீர் குடியிருக்கப் போகிற ஆளின் கண்ணால் பார்க்கிறீர். வாடகைக்கு வருகிற பிள்ளை கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார்க்காது. குழாயில் தண்ணீர் வந்தால் குளிக்கும், தாகத்துக்குப் போத்தல் வாங்கும். குசினிக்கு யன்னல் இல்லை என்று ஒருவரும் திரும்பிப் போகப் போவதில்லை. என் மனம் திருநெல்வேலிப் பக்கம் சாய்கிறது. கோண்டாவிலையும் ஒருக்கால் பார்த்துவிட்டு முடிவு எழுதும். மாதம் தவறாமல் வாடகை வர வேண்டும். அது உமக்குத்தான் முக்கியம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

முழங்கால் பரவாயில்லை.

அன்புடன்,
ஜெகதீஸ்


நயினாதீவு
15.04.2024

அன்பின் அத்தானுக்கு,

வருஷப்பிறப்புக்குப் பொங்கி, அம்மனையும் கும்பிட்டுவிட்டு, நல்ல மனத்தோடு இதை எழுதுகிறேன். வீடு கிடைத்துவிட்டது. கோண்டாவில்.

பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி, சத்தமில்லாத ஒழுங்கை. ஓய்வுபெற்ற தபாலதிபர் மார்க்கண்டு என்பவரின் வீடு. மகள் அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டதால் விற்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். சீனி போடத் தேவையில்லை, அவ்வளவுதான் சொல்வேன். அவர் இதற்கு முதல் வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். வாங்கி, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறவர்களுக்கு என்ன விலை தந்தாலும் கொடுக்க மாட்டாராம். "இந்த ஒழுங்கையில குடும்பமா இருக்கிற வீடு குறைஞ்சு போச்சு, பிள்ளை. நீங்கள் வந்து இருப்பீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம், நானும் அவரும்தான்," என்று சொன்னேன். வீட்டுத் திறப்பைக் கையில் தந்து, ஆறுதலாகப் பாருங்கோ என்று வெளியே போய்விட்டார்.

கோபிக்காதீர்கள். வாடகை, வாடகை என்று நீங்கள் எழுதுவதெல்லாம் ஊர் வாய்க்குப் பயந்துதான் என்று எனக்குத் தெரியாதா? வருகிறேன், வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டவர், இந்த முறை வீட்டை வாங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன் என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முன்னறையோடு குளியலறை இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கதிரை போன்ற கக்கூசு வைக்கலாம் என்று மேசனிடமும் கேட்டுவிட்டேன். பின்னறை எனக்கு. நீங்கள் குறட்டை விடுவதை நான் மறக்கவில்லை.

என்றும் உங்கள்,
லோசனி


பாரிஸ்
11.05.2024

அன்பின் லோசனிக்கு,

இதை எழுதுவதும் கிழிப்பதுமாக நாட்கள் போய்விட்டன. நான் வரவில்லை, லோசனி. இந்த வருஷம் மட்டுமல்ல, இனி இருப்பதற்கு வரமாட்டேன்.

வேறு பெண் என்று நினைப்பீர். இல்லை. இருந்திருந்தால் சொல்வது இலகுவாக இருந்திருக்கும். போர் திரும்ப மூண்டு அல்லைப்பிட்டியில் அந்தக் கொலைகள் நடந்த 2006ஆம் வருஷம், "நீங்கள் எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும்" என்று நீர்தான் என்னை அனுப்பினீர். உம்மையும் கெதியில் இங்கே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு இங்கே விசா கிடைக்கவே பத்து வருஷம் போயிற்று. கிடைத்தபோது உம்முடைய அம்மா படுக்கையில். பிறகு நீரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாக வந்தபோது ஒரு மாதம் நின்றேன். நீர் தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே இருப்பீர். என்ன கதைப்பதென்று தெரியாமல் நான் சுவரைப் பார்ப்பேன். நீர் கிணற்றடிக்குப் போனால்தான் எனக்கு மூச்சு வரும். உம்மில் ஒரு பிழையும் இல்லை. தனியே இருந்து இருந்து, நான் ஒருவரோடு இருக்க ஏலாத ஆளாகிவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் வேலையை விட்ட பிறகு மாதக்காசு அனுப்ப ஏலாது. அதற்காகத்தான் வாடகை வீடு. யார் கையையும் பார்க்காமல் நீர் இருக்க வேண்டும். மார்க்கண்டரிடம் ஏதாவது சாட்டுச் சொல்லிவிட்டுத் திருநெல்வேலியில் ஒன்றைப் பேசி முடியும், காசு அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

ஜெகதீஸ்


நயினாதீவு
09.06.2024

ஜெகதீஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அழுதேன், அதை ஏன் ஒளிப்பான்? என்னை விட்டுப் போவதற்கு எந்த இடம் வசதி என்று நீங்கள் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் தாங்க முடியாமல் இருக்கிறது. வராததைக்கூடப் பொறுப்பேன்.

நீங்கள் சுவரைப் பார்த்த அந்த மாதம் முழுக்க நானும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் கதை வரவில்லை. பழகப் பழக வரும் என்று நினைத்தேன். உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை, எனக்கு வாயைத் திறந்து கேட்கும் துணிவு இருக்கவில்லை.

உங்கள் காசு வேண்டாம். மார்க்கண்டு ஐயாவிடம் போய், "அவர் வரமாட்டார், நான் மட்டும்தான்" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், நீங்கள் இருந்தால் போதும் என்றார். என்னுடைய சீதனக் காணி இங்கே கோயில் வீதியில் இருக்கிறது. யாத்திரைக்காரருக்கு விடுதி கட்ட ஒரு வியாபாரி கேட்டபடி இருக்கிறார். அதை விற்றுக் கோண்டாவில் வீட்டை வாங்கி நானே குடியிருக்கப் போகிறேன்.

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, என் தாய் எனக்குத் தந்த காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார். இல்லையென்றால் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, கணவரால் கைவிடப்பட்டவள் என்று காட்டி அனுமதி எடுக்கலாமாம். அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. அதனால் உங்களிடம் இது ஒன்றை மட்டும் கேட்கிறேன். இத்துடன் உள்ள சம்மதப் பத்திரத்தில் தூதரகத்தில் வைத்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

மீனலோசனி


பாரிஸ்
16.07.2024

அன்பின் லோசனிக்கு,

நீர் கேட்டபடி கையெழுத்திட்டு, தூதரக முத்திரையுடன் இத்தோடு வைத்திருக்கிறேன். நொத்தாரிசிடம் கொடுத்து வேலையை முடியும்.

அன்று காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்த பிள்ளை பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இவ உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டது.

"என்ர மனுசி," என்று சொன்னேன்.

கணவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்து வைக்க முதல், அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். அந்தப் பிள்ளை, அவசரமில்லை ஐயா, ஆறுதலாகப் போடுங்கள் என்றது. இத்தனை வருஷத்தில் உம்முடைய புருஷனாக நின்று நான் நேரில் போய்ச் செய்து முடித்த காரியம் இது ஒன்றுதான் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. வாசற்படியில் இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

இனியும் ஏதாவது பத்திரத்துக்கு என் கையெழுத்துத் தேவைப்பட்டால் எழுதும், லோசனி. தூதரகம் கிட்டத்தான். அன்றைக்கே போய்விடுவேன்.

ஜெகதீஸ்