அவள் கூப்பிடும் இடம்

அன்பு மகளுக்கு, ஸலாம்.

நீ எடுத்துப் போட்ட வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். கல்லூரியில் என் மாணவர்கள் சொன்னார்கள்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த இஸ்லாமிய அறிஞர் நிழலைப் பற்றி எழுதியதை அதில் நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து உன் உம்மா, "செத்து எண்ணூறு வருஷமாச்சு, அவரு எங்கயும் போயிட மாட்டாரு. நீங்க முதல்ல சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்கிறாள். எல்லாரும் அதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

படிப்பவர் எனக்காக இறைவனிடம் ஒரு துஆ செய்யட்டும் என்று நூல் முடிவில் கேட்டுக்கொண்ட மனிதர் அவர். அவர் பெயரை ஒருவர்கூட விசாரிக்கவில்லை. முப்பது வருஷம் அவரோடு மாரடித்த எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதுவும் இல்லை.

"அந்தம்மா நல்லா இருக்காங்களா?" என்று வீடியோவுக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீயே பதில் போட்டுவிடு. எனக்குக் கை வரவில்லை.

அடக்கம் முடிந்து நீ கிளம்பிய பிறகு நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். வீடியோவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், இருக்கட்டும். தினமும் பார்க்கிறேன். அவரைப் பற்றி நான் பேசுகிற பகுதியைத் தள்ளிவிட்டு, நானும் நேரே அவள் கூப்பிடுகிற இடத்துக்குத்தான் போகிறேன்.

உன் வாப்பா