கொப்பிகளில் உங்கள் பெயர்

அப்பா, அன்று பஸ்ஸில் நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: வகுப்பில் எல்லோரும் என்னை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இதை எழுதவைத்தது கொப்பியில் ஒட்டும் ஒரு லேபிள் பக்கெற். ஓகஸ்ட் கடைசி. வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடைக்கு மின்குமிழ் வாங்கப் போனேன். வாசலிலேயே கொப்பிகளும் அடிமட்டங்களும் குவிந்து கிடந்தன. லேபிள் பக்கெற் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். அதே பசை மணம். பக்கத்தில் பிள்ளையோடு நின்ற ஒரு தாய் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

நாங்கள் டோர்செட் பார்க்குக்கு மாறிய வருடம் நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் தொடங்க முதல்நாள் நீங்கள் குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையை இரண்டு தரம் துடைத்துக் கொப்பிகளை அடுக்கினீர்கள். அம்மா மூலைகளில் மஞ்சள் தொட்டுவைத்தார். பிறகு கறுப்புப் பேனையால் ஒவ்வொரு லேபிளிலும் எழுதினீர்கள். முதலில் உங்கள் பெயர், பிறகு என் பெயர், ஊரில் எழுதுவதுபோல. நான் குனிந்து பார்க்க, "மூச்சு விடாதை பிள்ளை, மை காயட்டும்" என்றீர்கள். பள்ளிக்கூடப் படிவத்தையும் அந்த ஒழுங்கிலேயே நிரப்பியிருந்தீர்கள். இந்த நாட்டில் முதலில் எழுதுவதைத்தான் பிள்ளையின் பெயராக எடுப்பார்கள்.

அடுத்த நாள் ரீச்சர் உங்கள் பெயரைக் கூப்பிட்டார். நான் கையை உயர்த்தினேன். ஒருவரையும் தெரியாத அந்த அறையில் எனக்குத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதைத் திருத்த மனம் வரவில்லை. மைதானத்தில் உங்களைக் கூப்பிட்டார்கள், நான் ஓடினேன்.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. ரீச்சர் உங்கள் பெயரைச் சொல்லி, கணக்கு நன்றாக வருகிறது, ஆனால் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை என்றார். நீங்கள் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினீர்கள்.

"என்னையோ சொல்லுறா?"

"இல்லையப்பா, என்னை."

விளங்கியதும் ரீச்சரிடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டீர்கள். வெளியே வரும்வரை சிரித்தீர்கள். பஸ்ஸில் ஏறியபின் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசமா ஏன் சொல்லேல்லை?"

"தெரியாது."

"பொடியங்கள் பகிடி பண்ணினவங்களோ?"

"இல்லை."

"பண்ணியிருப்பாங்கள். கிழவன்ர பேரோட ஒரு பெட்டை." கொஞ்சம் பொறுத்து, "என்ர பிழை. இங்கத்தைய ஒழுங்கு எனக்குத் தெரியேல்லை" என்றீர்கள். அதன் பிறகு இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

உங்கள் பெயரால் நான் வெட்கப்பட்டேன் என்று நினைத்துவிட்டீர்கள். இல்லை என்று சொல்ல ஒன்பது வயதில் எனக்குச் சொற்கள் போதவில்லை. சொற்கள் வந்த வயதில் கூச்சமும் வந்துவிட்டது. போன பெப்ரவரியில், ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாட்களில், மணிக்கட்டுப் பட்டியில் அச்சடித்திருந்த உங்கள் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். "என்ன பாக்கிறாய்?" என்று கேட்டீர்கள். "சும்மா" என்றேன்.

அந்தச் சந்திப்புக்கு அடுத்த வாரம் வேலைக்கு லீவு போட்டு, பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய்ப் பெயர்களை இடம் மாற்றிக் கொடுத்தீர்கள். மறு செப்டெம்பரில் மேசையைத் துடைத்து, எல்லா லேபிள்களிலும் என் பெயரை மட்டும் எழுதினீர்கள்.