பனிக்குப் போய் வந்த துண்டு

காலை பஸ்ஸில் பேத்தியை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மடியில் உங்கள் துண்டு. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று என்று போட்டு, வாயை இறுக்கி மூடி, நேற்றுச் சாயங்காலம் அவள் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்ததும் பிளாஸ்டிக் வாடைதான் வந்தது. முகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். சோப்புக்கும் வெயிலுக்கும் அடியில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. பட்டாசு வேலை விட்டு வந்து வாசலில் சைக்கிளைச் சாத்தும்போதே எனக்கு அடுப்படி வரைக்கும் வருமே, அந்த வெடிமருந்து வாசனை.

உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போனீர்களே, அந்தச் சேதிதான். பதற வேண்டாம், நல்ல சேதி. ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். நீங்கள் இருந்தவரைக்கும் "சுருக்கச் சொல்லு புள்ள" என்பீர்கள். இப்போது அவசரம் என்ன இருக்கிறது, கேளுங்கள்.

நம் மகள் பெற்ற முத்துச்செல்வி, தென்துருவத்துக்குப் போகப் போவதாக வந்து சொன்ன நாள் நினைவிருக்கிறதா? வெளியூரில் வேதியியல் ஆராய்ச்சி படிக்கிறாள் என்ற அளவுக்குத்தான் நமக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று அன்றைக்குத்தான் கேட்டோம்.

"பனியை அள்ளிட்டு வரப் போறேன் தாத்தா" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சரசுவுக்கு அது பொறுக்கவில்லை. "பனிய அள்ளவா கப்பல்ல போகணும்? சிவகாசி ஐஸ் கம்பெனிக்குப் போனா கூடை கூடையா குடுப்பானே. மீன்காரன் வாங்கிட்டுப் போகல?"

"அந்த ஐஸ்ல மீன் கவுச்சி அடிக்குமே சரசு பாட்டி" என்றாள் இவள். தோளில் கிடந்த துண்டு நழுவி விழும்படி சிரித்தீர்கள். இந்தத் துண்டுதான்.

பிறகு அவள் விளக்கினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பெய்த பனி உருகுவதே இல்லையாம். ஒரு வருடத்துப் பனிமேல் அடுத்த வருடத்துப் பனி, பாயை அடுக்கி வைத்த மாதிரி ஏறிக்கொண்டே போகுமாம். காற்றில் எது வந்ததோ, அது அந்தந்த வருடத்துப் பனிக்குள் மாட்டிக்கொள்ளும். பாலைவனத்துத் தூசி, கடல் உப்பு, எரிமலைப் புகை. பெட்ரோலில் சேர்த்த ஈயம்கூடப் போய் விழுந்திருக்கிறதாம்.

"ஆளே இல்லாத ஊர்லயா?" என்றீர்கள்.

"ஆளு போகாட்டியும் புகை போகும்ல தாத்தா."

"எம்புட்டு இருக்கும்?"

"வெம்பக்கோட்டை டேம் நிறைஞ்சு கிடக்கையில ஒரு கைப்பிடி உப்பை வீசுங்க. நல்லாக் கலந்தப்புறம் ஒரு டம்ளர் தண்ணி மோந்து, இதுல உப்பு எம்புட்டு இருக்குன்னு சொல்லணும். அதான் எங்க வேலை."

நீங்கள் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தீர்கள். "டேம் நிறைஞ்சு நான் எங்கன தாயி பாத்தேன்" என்றீர்கள்.

அம்புட்டுக் கொஞ்சத்தை அளப்பதால், அள்ளுகிறவள் உடம்பிலிருந்து ஒரு துகள்கூட விழக்கூடாதாம். கம்மல், வளையல், செயின் ஆகாது. பவுடர், மை ஆகாது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுதான் அள்ள வேண்டுமாம். அதைக் கேட்டதும் உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"எங்க மருந்து ரூமுக்கும் அதான சட்டம்! கையில காதுல ஒன்னும் கிடக்கக்கூடாது. வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டு உடம்புக் கரண்டை இறக்கிட்டுத்தான் உள்ளாற காலை வைக்கணும். ஏ புள்ள, கேட்டியா? நம்ம பேத்தியும் மருந்து ரூமு வேலைதான் பாக்கா."

வானத்தில் பச்சை எரிவதற்குப் போடும் பச்சை உப்பைச் சலித்துக் கலந்தே வயதான கை உங்கள் கை. அதற்குப் படிப்பில் பேரியம் என்று பெயராம். பனியில் அதையும் அளப்பார்களாம். ஊரில் எத்தனையோ ஷெட்டுகள் வெடித்த காலத்திலும் நீங்கள் கலந்த அறையில் ஒரு பொறி விழுந்ததில்லை. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம். அவளை வழியனுப்பிய அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

அதற்குக் காரணம், மருந்து ரூமுப் பேச்சுக்கு அடுத்தாற்போல அவள் சொன்னது. உடம்பு முழுக்க மூடுகிற நைலான் மாதிரி ஒரு உடுப்பு, சூட்டு என்று பெயர், அதை மாட்டிக்கொள்ள வேண்டும், பருத்தி ஆகாது, பிசிறு உதிரும் என்றாள். எழுந்தே நின்றுவிட்டீர்கள்.

"நைலானா? உரசுனாலே பொறி வருமே!"

"அங்கன வெடிக்க ஒன்னும் இல்ல தாத்தா. வெறும் பனி."

நீங்கள் கேட்டால்தானே. நைலான் சட்டை போட்டு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிப் பழகிய ஆள். மறுநாளே இந்தத் துண்டை நீங்களே வெந்நீரில் போட்டு அவித்து, துவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டீர்கள். காய்ந்ததும் மறுபடி துவைத்தீர்கள். அவள் கிளம்பும்போது கையில் கொடுத்தீர்கள்.

"இது கிடந்த தோள்ல ஒரு பொறி விழுந்ததில்ல தாயி. கழுத்துல சுத்திக்கோ. பருத்திதான் பத்திரம்."

அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

அங்கே பனிக்குழி தோண்டி அள்ளிய அன்று ஊதல் காற்று தாங்காமல், அந்தச் சூட்டு உடுப்புக்குள்ளே இதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டதாகத் திரும்பி வந்து சொன்னாள். துண்டை அவளே வைத்துக்கொண்டாள். டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல் என்று நீங்கள் சொல்லாத இடம் இல்லை. "என் துண்டு தென்துருவம் பாத்துருச்சுல்ல." பனியை பாட்டில் பாட்டிலாக அடைத்து, கப்பலில் உறைந்தபடியே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஒவ்வொன்றாக உருக்கி, மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேலையினால் தீபாவளிக்குக்கூட அவள் வரவில்லை. சீசன் முடிந்து ஊரே ஓய்ந்து கிடக்கும்போது நாம் இரண்டு பேரும் மட்டும் பணியாரம் தின்றோம்.

கார்த்திகையில் அவள் போன் வந்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள். முதலில் உருக்கிய பாட்டில்களில் பேரியம் கொட்டிக் கிடக்கிறதாம். சிவப்பு எரியப் போடுவதும் கிடக்கிறதாம். இது பனியில் இருக்க வழியே இல்லை, எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். உன் ஊர் எது, வீட்டிலிருந்து என்ன கொண்டுபோனாய் என்று கேட்டிருக்கிறார். அவள் மறைக்கவில்லை. அவள் கை அழுக்கு என்று ஆகிவிட்டால் கொண்டுவந்த பனி அத்தனையும் வீண். பட்டமும் இல்லை, மறுபடி அங்கே போகிற பேச்சும் இல்லை.

"தாத்தா, துண்டை எத்தனை தடவை துவைச்சீக?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. நீங்கள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தீர்கள்.

சோறு வைத்தேன். தொடவில்லை.

"காலம் பூரா தீ விழாம காத்த கையி. கடைசியில பனியில போயி தீ வச்சிருக்கு, பாத்தியா புள்ள."

"இன்னும் பாதிக்கு மேல பாட்டில் உருக்காமக் கிடக்காம். அந்த மெஷினுக்கு ஆளுக வரிசையில நிக்காகளாம். இவ முறை வர தை ஆகுமாம். அதுக்குள்ள நீங்களா ஏன் முடிவு கட்டுறீக?"

"எனக்குத் தெரியும்" என்றீர்கள். அதற்குப் பிறகு வேறு துண்டுகூடத் தோளில் போடவில்லை. வெறும் தோளோடு டீக்கடைக்குப் போனீர்கள். யாராவது தென்துருவத்தைப் பற்றிக் கேட்டால் காது கேட்காத மாதிரி எழுந்து வந்துவிடுவீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். உங்களைத் திட்டவும் முடியாமல், தேற்றவும் முடியாமல் நான் தண்ணீர் மோந்து ஊற்றினேன்.

மார்கழிப் பனியில் பழைய நெஞ்சுச்சளி பிடித்தது, விடவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் நீங்கள் கேட்டது, "மெஷின்ல முறை வந்துருச்சான்னு கேளு" என்பதுதான். கேட்டேன். வரவில்லை.

காரியத்துக்கு வந்தவளிடம் கோபப்பட்டேன். போனிலாவது ஒரு வார்த்தை, எல்லாம் சரியாகிப்போச்சு தாத்தா என்று சொல்லியிருக்கலாமே, நிம்மதியாகப் போயிருப்பாரே என்று. "தெரியாம எப்படி அம்மாச்சி சொல்ல முடியும்?" என்று அழுதாள். அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு ஆகவில்லை. ஆனால் நீங்கள் மட்டும் என்ன, சோதித்துப் பார்க்காமல் ஒரு நாளாவது ஒரு சரக்கைப் பத்திரம் என்று சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறீர்களா?

நேற்றுச் சாயங்காலம் திருத்தங்கல் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாச்சி, சுத்தம்!" என்றாள்.

அதே குழி, அதே நாள், அதே கை. உருக்காமல் கிடந்த பாட்டில்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களாம். ஒன்றில்கூட அந்த அழுக்கு இல்லை. கையோ துண்டோ காரணம் என்றால் எல்லாவற்றிலும் அல்லவா இருக்க வேண்டும்? அழுக்கானவை எல்லாம் தீபாவளி வாரத்தில் உருக்கிய பாட்டில்கள் மட்டும்தான். பனியை உருக்குகிற அறைக்குள் காற்றை வடிகட்டி ஊதிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த வாரம் கரண்டு போய்ப் போய் வந்திருக்கிறது. வெளியே அவள் படிக்கிற ஊரே தீபாவளி வெடி வெடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் புகைதான் உள்ளே புகுந்து பாட்டிலில் இறங்கியிருக்கிறது. பேராசிரியரே அதை ஒத்துக்கொண்டாராம்.

"அப்ப அது நம்ம சிவகாசி வெடிதானடி?" என்றேன்.

"வேற எந்த ஊரு வெடி?" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. எப்படிச் சிரித்தோம் என்றால், சரசு எட்டிப் பார்த்து, "சீட்டு விழுந்துருச்சா?" என்று கேட்டாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "சரக்கு நல்ல சரக்குதான் போல" என்று மீசையைத் துடைத்திருப்பீர்கள். அதை நானே உங்கள் குரலில் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி, தரையிலேயே கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். இந்தத் துண்டின் ஒரு முனையைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் மெஷினில் பார்த்தாளாம். பச்சை உப்பு இருக்கிறதாம். நீங்கள் அவித்ததும் துவைத்ததும் போதவில்லை. இன்னமும் இருக்கிறதாம்.

"அப்போ கழுத்துல கிடந்தப்ப?"

"கிடந்துச்சு. ஆனா அந்தச் சூட்டு உடுப்பைத் தாண்டி ஒரு பொட்டு வெளிய வரல அம்மாச்சி."

நைலான் என்று பதறினீர்களே, அதுதான் உங்கள் துண்டை அடக்கி வைத்துக்கொண்டு அவள் பனியைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே உங்கள் சட்டம் செல்லவில்லை. செல்லாததும் நல்லதாகப் போயிற்று.

அவளை மறுபடியும் தென்துருவத்துக்கு அனுப்புகிறார்களாம். சரசு நம் வீட்டுக்குள் வந்து, "வாரப்ப எங்களுக்கும் ஒரு டப்பா ஐஸ் கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை என்ன கொடுத்தனுப்பட்டும் என்று காலையில் கேட்டேன்.

"ஒன்னும் வேண்டாம் அம்மாச்சி."

பஸ் வந்து நின்றது. பழக்கத்தில் கை திருநீற்றுப் பைக்குள் போய்விட்டது. அதுவும் தூசிதானே என்று பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். நெற்றியை நீட்டினாள்.

"பூசுங்க. அங்கன போறதுக்குள்ள எத்தனை தடவை மூஞ்சி கழுவப் போறேன்."

பூசினேன். வெறுங்கையோடு ஏறி, ஜன்னலிலிருந்து அந்த வெறுங்கையை ஆட்டினாள்.

திரும்பி நடந்து வரும்போது துண்டு என் தோளில் கிடந்தது. "என்ன மதினி, அண்ணன் துண்டைப் போட்டுக்கிட்டு ஊர்கோலம் வாரீக?" என்று சரசு வாசலில் நின்று கேட்டாள். "இது தென்துருவம் பாத்த துண்டு, தெரியும்ல?" என்றேன். நீங்கள் பாதியில் நிறுத்திய அந்தப் பேச்சை இனி நான்தான் டீக்கடை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவேன், கூச்சம் ஒன்றும் இல்லை.

கேட்கச் சொன்னீர்களே, அதற்குப் பதில் இதுதான்: மெஷினில் முறை வந்துவிட்டது. பிள்ளை கை சுத்தம். உங்கள் கையிலிருந்து ஒட்டியது எங்கேயும் சிந்தவில்லை. இதோ, என் மடியில் பத்திரமாக இருக்கிறது.